மழைக் காலத்தில் வாப்பா கதைக்கமாட்டார்



சில வருடங்களுக்கு முன் எட்டாம் தரப் பிள்ளைகளுக்கு 'மழைக்காலம்' என்று கட்டுரை கொடுத்தோம். ஒரு பிள்ளையின் கடைசி வரி: "மழைக் காலத்தில் எங்கட வாப்பா ஒருத்தரோடும் கதைக்கமாட்டார்." அந்தக் கொப்பிக்குப் புள்ளி போட எங்களுக்குக் கை வரவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். கடல் ஊருக்குள் வந்த அன்று அந்தப் பிள்ளை பிறக்கவேயில்லை. ஆனாலும் அந்த வீட்டுத் துக்கத்துக்குள்ளேதான் அது வளர்ந்திருக்கிறது.

நம்மூருக்கு மாரி வெறும் மழையல்ல. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மூத்தவர்களுக்கு இன்றும் காற்று இரைந்தால் நித்திரை வராது. கிழக்கே கடல், மேற்கே வாவி. அடைமழையில் கடலுக்குப் போக முடியாது, கூலி வேலையும் குறைவு. பாடசாலையும் விடுமுறை. எல்லோரும் வீட்டுக்குள் இருக்கும் இந்த நாட்களில்தான் மனதில் அடைத்து வைத்ததெல்லாம் மேலே வருகிறது.

அப்போது நாம் சொல்வது ஒன்றுதான்: "சபூர் செய்ங்க." நல்ல சொல். ஆனால் ஆறுதலுக்குச் சொல்கிறோமா, பேச்சை முடிக்கச் சொல்கிறோமா?

அழகிய பொறுமை என்று சொன்ன யஃகூப் நபிதான் யூசுப் நபியை நினைத்துத் துக்கப்பட்டே கண்கள் வெளுத்துப்போனார்கள். மகன் இப்ராஹீம் வஃபாத்தானபோது நமது நபி (ஸல்) அவர்களும் கண்ணீர் வடித்தார்கள். அப்படியிருக்க, "ஆம்புளப் பிள்ளை அழப்படாது" என்று நாம் எங்கிருந்து படித்தோம்? அப்படிச் சொல்லி வளர்த்ததில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு.

இந்த விடுமுறையில் ஒன்று செய்வோம். இஷாவுக்குப் பிறகு ஃபோனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வீட்டில் பேசாமல் இருப்பவருக்குப் பக்கத்தில் ஒரு பிளேன்டியோடு உட்காருவோம். உபதேசம் வேண்டாம். கதைத்தால் கேட்போம், கதைக்காவிட்டால் சும்மா கூட இருப்போம். மௌத்தானவர்களின் பெயரைச் சொல்லி, பிள்ளைகளையும் சேர்த்து துஆக் கேட்போம்.

கிழமைக்கணக்கில் நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அது ஈமான் குறைவல்ல, வருத்தம். மற்ற வருத்தங்களுக்குப் போவதுபோல மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அழைத்துப் போவோம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

யா அல்லாஹ், மௌத்தானவர்களைப் பொருந்திக்கொள்வாயாக. இருப்பவர்களின் நெஞ்சை இலேசாக்குவாயாக. ஆமீன்.