இயற்கை இனிப்புன்னா சர்க்கரை இல்லையா?

கொஞ்ச நாளா எங்க ஊத்தங்கரை பக்கமும் "சர்க்கரை சேர்க்காத" பலகாரம் ஃபேஷன் ஆகிடுச்சு. என்ன போட்டீங்கன்னு கேட்டா, "பேரீச்சம்பழப் பாகுங்க, இயற்கையானது, சுகர் இருக்கறவங்களும் தைரியமா சாப்பிடலாம்"ங்கறாங்க. அந்தக் கடைசி வரிதான் எனக்கு உதைக்குது.

பாகே வேண்டாம்னு சொல்ல வரலை மக்களே. நானும் வீட்டுல காய்ச்சறவன்தான். கால் கிலோ பேரீச்சையைக் கொட்டை எடுத்து, மூணு டம்ளர் வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊறப் போடணும். அதே தண்ணியோட இருபது நிமிஷம் கொதிக்கவிட்டு, நல்லா மசிச்சு, ஆறினதும் வெள்ளைத் துணியில கட்டிப் பிழியணும். சாறை சிறு தீயில கரண்டியில ஒட்டற பதத்துக்குச் சுண்ட வெச்சா முடிஞ்சுது. ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாம்.

"மாம்பழ ஊர்ல இருந்துக்கிட்டு பேரீச்சையா?"ன்னு கேப்பீங்க. கூழ் ஆலைக்குப் போற நம்ம பெங்களூரா மாம்பழத்தைக் காய்ச்சினா தேன் மாதிரி ஓடாது, ஜாம் பதத்துக்குப் போயிடும். அதுவும் ருசிதான், ஆனா பாகு இல்லை :-)

இப்ப அந்தத் துணியைக் கவனிங்க. அதுல தங்கினது சக்கை, அதாவது நார்ச்சத்து. கீழே இறங்கினது? பெரும்பாலும் சர்க்கரை. பேரீச்சையோட எடையில ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு சர்க்கரைதான். பழத்தைக் கடிச்சுத் தின்னா ரெண்டு மூணுலயே திகட்டிடும், நாரும் சேர்ந்து உள்ளே போகும். பாகா ஊத்தினா பத்துப் பழத்தோட இனிப்பு ஒரே டம்ளர் பால்ல காணாமப் போகும்.

உலக சுகாதார நிறுவனம் 2015ல வெளியிட்ட வழிகாட்டுதல், தேன், பழச்சாறு, பாகு எல்லாத்தையும் சர்க்கரைக் கணக்குலதான் சேர்க்குது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடறவருக்கு உச்ச வரம்பு 50 கிராம், அதாவது சுமார் 12 டீஸ்பூன். கால் கிலோ பேரீச்சையில சுமார் 160 கிராம் சர்க்கரை இருக்கு. ஆக, நீங்க காய்ச்சின சின்ன பாட்டில்லயே ஒருத்தரோட மூணு நாள் கோட்டா இருக்கு. "இயற்கை"ங்கற வார்த்தை இந்தக் கணக்கை மாத்தாது.

இது ஏன் முக்கியம்? 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல சுமார் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய். வெள்ளைச் சர்க்கரையைப் பார்த்தா பயந்து ஒதுங்கற மனுஷர், "இயற்கை"ன்னு சொன்னதும் ரெண்டு கரண்டி அதிகமா ஊத்திக்கறார். ஆபத்து அங்கதான் இருக்கு.

வீட்டுல செய்யுங்க. என்ன போட்டோம்னு நமக்குத் தெரியும், ருசியும் தனி. சக்கையைத் தூக்கி எறியாம சப்பாத்தி மாவுல பிசைஞ்சுடுங்க. பாட்டில் மேல மட்டும் "சர்க்கரை"ன்னே எழுதி ஒட்டுங்க. வீட்டுக்கு வர்ற சுகர்காரப் பெரியவருக்கு, பாகு கலந்ததைச் சொல்லாம எதையும் நீட்டாதீங்க.