மீற்றர் முள்ளைக் கும்பிடுறதை நிப்பாட்டுவம்

கார் வீடியோ பார்க்கிற எங்கட பெடியளிட்ட ஒரு வேதவாக்கு இருக்கு: பூஸ்ட் கூடினால் பவர் கூடும். சுப்பர்சார்ஜர் பூட்டின கார் எண்டால் இன்னும் சுகம். பெல்ட் ஓடுற கப்பியைக் கழற்றிச் சின்னக் கப்பி போடு, மீற்றர் முள் ஏறும், வேலை முடிஞ்சுது. இது அரைவாசி உண்மை. மிச்ச அரைவாசிதான் பிஸ்டனை உருக்கிறது.

அந்த முள் எதைக் காட்டுது? எஞ்சினுக்குள்ள போன காற்றின் அளவை அல்ல. வால்வுக்கு வெளியில நெருக்குப்பட்டு நிக்கிற காற்றின் அழுத்தத்தை. ஹோல்ட்டில சனம் நெரிபடுது எண்டதுக்காக பஸ் ஒழுங்கா ஓடுது எண்டு சொல்லுவமா? சிலிண்டர் ஹெட்டில காற்றுப் போற வழியை வடிவாத் திருத்தினால், அதே சுப்பர்சார்ஜருக்கு மீற்றர் குறைவாகத்தான் காட்டும். ஆனால் சக்தி கூடும். "கலைப்பீடத்தில படிக்கிற உனக்கேன் எஞ்சின் கதை?" எண்டு கேப்பினம். ஒரு எண்ணை நம்பமுதல் அது எதை அளக்குது எண்டு கேக்க எந்தப் பீடமும் தடையில்லை.

2000களின் தொடக்கத்தில் வந்த மினி கூப்பர் எஸ்ஸைப் பாருங்கோ. 1.6 லீற்றர் எஞ்சின், அதோட ஈற்றன் எம்45 சுப்பர்சார்ஜர். சாதாரண மினி கூப்பரில் அமுக்க விகிதம் 10.6, இதில் 8.3. சுப்பர்சார்ஜர் காற்றைத் திணிக்கப்போகுது எண்டு தெரிஞ்சுதான் சிலிண்டருக்குள்ள அமுக்கிறதைக் குறைச்சிருக்கினம். சூடான காற்றை ஆற்ற இன்ரர்கூலர், அதுக்குக் காற்று வர பொனற்றில ஒரு வாய். காலை எடுத்தால் காற்றைத் திருப்பிச் சுற்றவிட ஒரு பைபாஸ் வால்வு. பூஸ்டை நிர்வகிக்கிறது எண்டால் இதுதான்: ஒரு பக்கம் கூட்டினால் மற்றப் பக்கம் ஈடு செய்யிறது.

இதில 15 வீதம் சின்னக் கப்பியைப் போட்டால் சுப்பர்சார்ஜர் கிட்டத்தட்ட 18 வீதம் வேகமாகச் சுத்தும். அதைச் சுத்துற சக்தியும் எஞ்சினிட்ட இருந்துதான் போகுது. காற்று இன்னும் சூடாகும். சூடு கூடினால் எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும், அதுதான் நொக். கணினி அதை உணர்ந்து தீப்பொறியைப் பிந்தவைக்கும். முள் மேல நிக்கும், பவர் கீழ இறங்கும். காற்றுக்கு ஏற்ற பெற்றோலும் வராட்டி பிஸ்டன் போச்சு. ரேர்போவில மாதிரி மிஞ்சின அழுத்தத்தைக் குறைக்க இதில வேஸ்ற்கேற்றும் இல்லை. முழுசா மிதிச்சால் கப்பியின் அளவும் எஞ்சினின் வேகமும்தான் பூஸ்டைத் தீர்மானிக்கும்.

"கொம்பனி வேணுமெண்டே பவரைப் பூட்டி வைச்சிருக்கு" எண்டது அடுத்த கதை. மத்தியான வெயில், நீண்ட ஏற்றம், தரம் குறைஞ்ச பெற்றோல் எல்லாத்துக்கும் தாங்கத்தான் அந்த இடைவெளி விடுறது. அது உங்களிட்ட இருந்து களவெடுத்த பவர் இல்லை, உங்கட எஞ்சினின்ர சேமிப்பு. செட்டில 92, 95 எண்டு எழுதியிருக்கிறதும் பெற்றோலின்ர பலத்தை இல்லை. நொக்கைத் தாங்கிற அளவைத்தான்.

கை வைக்காதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை. முதலில் காற்றின் சூட்டையும், காற்று-பெற்றோல் கலவையையும், நொக்கையும் அளவுங்கோ. இன்ரர்கூலரையும் இன்ஜெக்ரரையும் பாருங்கோ. கப்பி கடைசியாக வரட்டும். கராஜில ஒருத்தர் "இத்தனை பி.எஸ்.ஐ. ஏத்தித் தாறன்" எண்டால், உள்ள போற காற்று எத்தனை பாகை எண்டு கேளுங்கோ. பதில் இல்லையெண்டால் திறப்பை வாங்கிக்கொண்டு வாங்கோ.