கணினியிற் காவலும் பலர்க்குரிய அமைப்பும்

பலர் கூடி வாழும் இல்லத்தில் ஒவ்வொருவர்க்கும் தனியறையும் பூட்டும் வேண்டும். எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி எல்லார் கையிலும் இருத்தல் தகாது. கணினியின் இயங்குதளத்திற்கும் இந்நியதி பொருந்தும் என்பதே எம் கருத்து.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்திற் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸ், ஒரு பொறியைப் பலர் ஒருங்கே கையாளுதற்கென வளர்ந்தது. ஆதலின் அதில் ஒவ்வொரு கோப்பிற்கும் உடையவர் ஒருவர் உளர். உடையவர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையார்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் உரிமைகள் தனித்தனியே வரையறுக்கப்படும். ‘ரூட்’ என்னும் தலைமைக் கணக்கே அவ்வரம்பைக் கடக்கும். 1991-இல் தோன்றிய லினக்ஸும், 2001-இல் வெளிவந்த மாக் ஓஎஸ் எக்ஸும் இம்முறையையே தழுவின.

1981-இல் வந்த எம்.எஸ். டாஸ், ஒருவர்க்கு ஒரு பொறி என்னும் எண்ணத்திற் பிறந்தது. அதில் உடையவர் என்னும் பேச்சே இல்லை. விண்டோஸ் 95-இலும், கடவுச்சொல் கேட்கும் பெட்டியை விலக்கிவிட்டு உட்புகுதல் எளிதாயிருந்தது. 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி. இக்குறையை நீக்கிற்று, அதன் அனுமதிப் பட்டியல், யூனிக்ஸின் மூவகைப் பகுப்பினும் நுண்ணிது. எனினும் அதன் வழிவந்து 2001-இல் இல்லங்களிற் புகுந்த விண்டோஸ் எக்ஸ்பி, நிறுவும்போதே உண்டாகும் கணக்குகளுக்கு நிருவாகி அதிகாரத்தை வழங்கிற்று. பூட்டு நன்று, சாவியோ எல்லார் கையிலும்! 2007-இல் இல்லங்களுக்கு வந்த விஸ்தாவே, அதிகாரம் வேண்டுமிடத்து இசைவு கேட்கும் வழக்கத்தைக் கொணர்ந்தது.

யூனிக்ஸ் எனின் அச்சமில்லை என்பாரும் உளர். அது பொருந்தாது. 1988-இல் மோரிஸ் புழு பரவியது யூனிக்ஸ் பொறிகளிலன்றோ? மேலும், ஒருவர் அறியாது இயக்கிய தீய செயலி அவர் பெயராலேயே நடத்தலின், தலைமை அதிகாரம் இன்றியும் அவர்தம் கட்டுரைகள் அனைத்தையும் அழிக்க வல்லது.

ஆதலின் எவ்வியங்குதளம் சிறந்தது என வாதாடுவதினும், கலாசாலை ஆய்வுக்கூடங்களில் ஒவ்வொரு மாணவர்க்கும் தனிக்கணக்கு அளித்தலும், நிருவாகிக் கணக்கை அன்றாடப் பணிக்கு வழங்காமையும், கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்துக் காத்தலும் முதற்கடன் என்போம். தனிக்கணக்கும் வரம்பும் அவநம்பிக்கையின் அடையாளம் என மாணவ நண்பர் சிலர் கருதலாம். யாம் அங்ஙனம் கருதோம். பொதுக்கணக்கிற் கேடு நேரின் செய்தாரை அறிதல் அரிது. குற்றமற்றார்மீதும் ஐயம் விழும். வரம்பு மாணவரைச் சிறைப்படுத்துவதன்று. அவர் உழைப்பையும் நற்பெயரையும் காப்பதாம்.