விளையாட்டுப் பலகையும் விரற் பயிற்சியும்

யூபிலி ஆண்டு அண்மியது முதலாகக் கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர் எம்மிடம் வினவுவது ஒன்றே: "கல்லூரிக்கு யாது வேண்டும்?" என்பது. கட்டடம் வேண்டுமா, நூல்கள் வேண்டுமா, மைதானத்துக்கு மதில் வேண்டுமா என்று அன்போடு கேட்கின்றனர். அவர்களுள் ஒருவர் அண்மையில் எழுதிய கடிதம் ஆசிரியர் அறையில் ஒரு சிறு வாதத்தையே எழுப்பிவிட்டது. கணினி அறைக்கு விசைப்பலகைகள் அனுப்ப விரும்புவதாகவும், தம் மகன் கணினி விளையாட்டுக்கென வைத்திருக்கும் முழு அளவுப் பொறிமுறை விசைப்பலகை போன்றவற்றையே அனுப்பலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். கடிதத்தோடு வந்த படத்தில் அப்பலகை கோயிற் சப்பறம் போல வண்ண விளக்குகளால் ஒளிர்ந்தது.

"விளையாட்டுச் சாமான் வித்தியாசாலைக்கு எதற்கு?" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். "பிள்ளைகள் ஆசையோடு பழகுவார்கள், வரட்டுமே" என்றார் இளைஞர் ஒருவர். இரு திறத்தாரும் பலகையின் பெயரையும் ஒளியையும் கொண்டே பேசினர்; அதனைத் தொட்டுப் பார்த்துப் பேசியவர் எவருமிலர். தமிழ் கற்பிக்கும் எமக்கு இதில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். அச்சுக்குச் செல்லும் தமிழ் இன்று விசைப்பலகையின் வழியாகவே செல்கின்றது. ஆதலின் அது தமிழாசிரியனுக்கும் உரிய விடயமே. எமது கருத்தை ஈண்டுக் கூறத் துணிகின்றோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறல் வேண்டும். சென்ற ஆண்டு எம் மாணவன் ஒருவன் தாய்மொழி பற்றிய கட்டுரை ஒன்றைக் கணினியில் எழுதி, அச்சிட்டு, எம்மிடம் கொணர்ந்தான். தாளெங்கும் வெற்றிடங்கள், அவ்வெற்றிடங்களில் எல்லாம் பேனையினால் 'ம' என்னும் எழுத்து நிரப்பப்பட்டிருந்தது. காரணம் கேட்டோம். "அந்த விசை வேலை செய்யுதில்லை, ஐயா. மற்றப் பலகைகளில் இடமில்லை" என்றான். நாம் பழக்கும் தமிழ் 99 அமைப்பிலே மகரம் ஆங்கிலக் 'கே' எழுத்துக்குரிய விசையில் உள்ளது. அவ்விசை இறந்துவிட்டமையால் அப்பிள்ளையினால் 'அம்மா' என்று எழுத இயலவில்லை. 'தமிழ்' என்றும் எழுத இயலவில்லை. ஓரிடத்தில் 'அம்மா' என்பதை விட்டுத் 'தாய்' என்று எழுதி ஒப்பேற்றியும் இருந்தான். தான் எண்ணிய சொல்லை விட்டுப் பலகை இடங்கொடுத்த சொல்லை ஒரு மாணவன் எழுத நேர்ந்தமை எம்மை வருத்தியது. ஒரு விசை பழுதாதல் சிறிய காரியமன்று என்பதை அன்றே உணர்ந்தோம்.

இனி, விளையாட்டுக்கென்று செய்த பொருள் கல்விக்கு ஆகாது என்னும் கூற்றை நோக்குவோம். அச்சியந்திரம் ஒரு காலத்தில் ஈழத்திலே கிறித்துவ மிஷனரிமார் கையில் அவர்தம் சமயத்தைப் பரப்பும் கருவியாக விளங்கிற்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அதனைப் பிறர் கருவி என்று ஒதுக்கினாரல்லர். 1849 இல் தமிழகம் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவி, பாலபாடங்களையும் சைவ நூல்களையும் அச்சிட்டார். அவ்வாறே ஆங்கிலத்துக்கென எழுந்த தட்டச்சு இயந்திரத்தை யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்கு ஆக்கினார். 247 எழுத்துக்களை நூற்றுக்கும் குறைந்த இடங்களுள் அடக்குதற்கு, அடித்தபோதும் தாளை நகர்த்தாத 'நகரா விசை' என்னும் உபாயத்தை அவர் கைக்கொண்டார். இயந்திரங்களைச் செருமனியிற் செய்வித்தார். கருவி யாருக்காகச் செய்யப்பட்டது என்பது இவர்கள் கேட்ட வினாவன்று. நம் வேலைக்கு அது உதவுமா என்பதே அவர்கள் கேட்டது. நாமும் அவ்வினாவையே கேட்போமாக.

பொறிமுறை விசைப்பலகை என்பது யாது? மலிவான பலகைகளில் விசைகள் அனைத்தின் கீழும் ஒரே இறப்பர் விரிப்பு உண்டு. அதன் குமிழ் அடிவரை அமிழ்ந்தாலே எழுத்துப் பதியும். நாளடைவில் குமிழ் தளரும். பொறிமுறைப் பலகையிலோ ஒவ்வொரு விசையின் கீழும் சுருள்வில்லோடு கூடிய தனி ஆளி ஒன்று உண்டு. இது புதுமையன்று. 1981 இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் பலகையும் சுருள்வில் கொண்டதே. பின்னர் விலை குறைப்பதற்காக இறப்பர்ப் பலகை எங்கும் பரவிற்று. மறைந்துகொண்டிருந்த பழைய நல்வகையை 2010 ஆம் ஆண்டளவில் மீண்டும் சந்தைக்குக் கொணர்ந்தவர் கணினி விளையாட்டு இளைஞரே. அவ்வகையில் நாம் அவர்களுக்குக் கடப்பாடுடையோம்.

ஆளிகள் பெரும்பாலும் நிறத்தால் வழங்கப்படும். செருமானிய நிறுவனமாகிய செரி வழங்கிய நிறப் பெயர்களையே பிறரும் பின்பற்றுகின்றனர். ஆயினும் ஒருவர் செய்யும் சிவப்பும் மற்றவர் செய்யும் சிவப்பும் முற்றும் ஒத்தன அல்ல. சிவப்பு தடையின்றி வழுக்கிச் செல்லும். கபிலநிறம் இடையிலே ஒரு சிறு தடக்கத்தை விரலுக்கு உணர்த்தும். நீலம் அத்தடக்கத்தோடு 'டிக்' என்னும் ஓசையையும் எழுப்பும். செரியின் சிவப்பு ஆளியை இயக்க ஏறத்தாழ 45 கிராம் பாரத்துக்குச் சமமான அழுத்தம் போதும். விசை 4 மில்லிமீற்றர் வரை அமிழக்கூடியதாயினும் 2 மில்லிமீற்றரிலேயே எழுத்துப் பதிந்துவிடும். அடிவரை இடித்து அடிக்கும் வழக்கம் வேண்டியதில்லை.

யாம் முதலில் நீலத்தையே வாங்கினோம். பழைய தட்டச்சு இயந்திரத்தின் ஓசை நினைவுக்கு வந்து எம்மை மயக்கிற்று. ஆசிரியர் அறையில் ஒரு வாரம் அடித்தோம். சக ஆசிரியர்கள் பொறுத்தனர். வீட்டில் இரவு ஓரிரு நாள் அடித்தோம், வீட்டார் பொறுக்கவில்லை. முப்பது பிள்ளைகள் ஒருங்கே நீலப் பலகையில் அடிக்கும் அறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியன் குரல் எவர் செவியிலும் விழாது. வகுப்பறைக்குக் கபிலநிறமே தக்கது என்பது எமது துணிபு. எழுத்துப் பதிந்ததை விரல் அறியும். அயலவன் செவி அறியவேண்டியதில்லை.

தமிழ் அடிப்போர்க்கு அழுத்தத்தின் மென்மை இன்னுமோர் காரணத்தாலும் முக்கியமானது. தமிழ் 99 அமைப்பில் உயிரெழுத்துக்கள் பெரும்பாலும் இடக்கைக்கும், மெய்யெழுத்துக்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. ந, ய, ச, ஞ ஆகியன வலக்கைச் சிறுவிரலின் பங்காக அமைந்துள்ளன. ஆங்கிலத்தில் நிறுத்தக் குறிகளை மட்டும் தொடும் விசைகளை, தமிழில் 'நான்' என்று தொடங்கும்போதே அச்சிறுவிரல் அழுத்த வேண்டியதாகின்றது. ஐந்து விரல்களுள் வலிமை குன்றியதற்கு இத்தனை வேலை இருக்கையில், விறைத்த விசை தமிழனின் கையையே முதலில் களைக்கச் செய்யும். ஆகவே பலகை வாங்குவோர் நடுவிலுள்ள விசைகளை மட்டும் தட்டிப் பார்த்து மகிழாது, வலப்புற ஓரத்து விசைகளையும் சிறுவிரலாலேயே அழுத்திப் பார்த்தல் வேண்டும். இடைவெளிச் சட்டத்தின் இரு முனைகளையும் மாறி மாறி அழுத்துக. அது கடகடவென்று ஆடுமாயின் அப்பலகை வேண்டாம்.

அடுத்து அளவு. முழு அளவுப் பலகையில் 104 விசைகள் உண்டு. வலப்புற எண்தளத்தின் 17 விசைகளை நீக்கியது 87 விசைப் பலகை. விளையாடுவோர் பலர் சிறியதையே நாடுவர். சுட்டியை வீசி நகர்த்த அவர்களுக்கு இடம் வேண்டும். நமக்கோ வேறு தேவை. புள்ளிகளைப் பதிவோர், கணக்கீடு பயில்வோர், அலுவலகத்திற் பற்றுச்சீட்டு எழுதுவோர் ஆகியோர்க்கு எண்தளம் வலக்கை போன்றது. அச்சுப்படி திருத்துவோர்க்குத் தனியாக நிற்கும் அம்புக்குறி விசைகள் இன்றியமையாதன. முழு அளவுப் பலகை ஏறத்தாழ 44 சதமமீற்றர் நீளமுடையது. ஒடுங்கிய மேசையில் சுட்டிக்கு இடம் குறையும் என்பது மெய்யே. மேசையை முதலில் அளந்து, பின்பு பலகையைத் தேர்க. மேசை இடங்கொடுக்குமாயின் முழு அளவே கல்லூரிக்கு உகந்தது.

விளம்பரங்களிலே பெரிதாகப் பேசப்படும் வேறு சிலவுமுள. எத்தனை விசைகளை ஒருங்கே அழுத்தினும் அத்தனையும் பதியும் என்பது ஒன்று. விரைந்து அடிப்போர் ஒரு விசையை விடுமுன் அடுத்ததை அழுத்திவிடுவர். சில மலிவுப் பலகைகள் அவ்வேளை எழுத்தை விழுங்கிவிடும். ஆகவே இப்பண்பு எழுதுவோர்க்கும் பயன் தருவதே. ஆனால் ஆறு விசைகள் பதிந்தாற் போதும். மற்றொன்று, கணினிக்குச் செய்தி செல்லும் வேகம். வினாடிக்கு 1000 முறை என்றும் 8000 முறை என்றும் கூறுவர். நிமிடத்துக்கு 60 ஆங்கிலச் சொற்கள் அடிப்பவர், சொல்லுக்கு 5 எழுத்தெனக் கொண்டால், வினாடிக்கு 5 எழுத்தே அடிக்கின்றார். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே வினாடியின் ஐந்திலொரு பங்கு உண்டு. அவருக்கு 8000 எதற்கு? அவ்வேகத்துக்குக் கொடுக்கும் பணம் வீண்.

வண்ண விளக்கும் அத்தகையதே. பலகைகளில் ஒளி ஊடுருவுவது ஆங்கில எழுத்துக்களின் வழியாகவே. அவற்றின் மேல் தமிழ் எழுத்து ஒட்டிய கணமே ஒளி மறைந்துவிடும்; ஒட்டாதுவிடின் தமிழ் மறைந்துவிடும். ஒட்டுத்தாள்கள் வியர்வையிற் கழன்று விரலோடு வருவதையும் கண்டோம். எம்மைக் கேட்டால், விளக்கின் விலையை விசைமூடிக்குச் செலவிடுக என்போம். ஏ.பி.எஸ். என்னும் பிளாத்திக்கு மூடிகள் விரைவில் தேய்ந்து மினுங்கும், பி.பி.ரி. வகை நெடுநாள் கரடு குன்றாதிருக்கும். பிள்ளைகளுக்கோ மூடியில் எழுத்துத் தேடாமல் அடிக்கப் பழக்குவதே முறை. அதற்கெனவே எஃப், ஜே விசைகளில் சிறு மேடுகள் உள்ளன. தமிழ் 99 இல் இடச்சுட்டுவிரல் புள்ளியிலும் வலச்சுட்டுவிரல் பகரத்திலும் அமரும். சுவரிலே ஒரு விசைப்படம் தொங்கினாற் போதும்; சில மாதங்களில் அதுவும் வேண்டாததாகிவிடும்.

பொறிமுறைப் பலகையை யாம் விரும்புவதற்குத் தலையாய காரணம் அதன் ஆயுளும் பழுது நீக்கும் எளிமையுமாம். இறப்பர்ப் பலகையில் ஒரு விசை கெட்டால் முழுப் பலகையையும் வீசவே நேரும். ஆளியைப் பற்றவைப்பின்றிக் கழற்றி மாற்றத்தக்க பொறிமுறைப் பலகைகள் இன்று கிடைக்கின்றன. அத்தகைய பலகையும் ஒரு பிடி உதிரி ஆளிகளும் அன்று எம்மிடம் இருந்திருப்பின், ஐந்து நிமிடத்தில் மகரம் உயிர்த்திருக்கும். அம்மாணவன் பேனையைத் தேடியிரான்.

"ஒரு பொறிமுறைப் பலகையின் விலைக்குப் பல மலிவுப் பலகைகள் வாங்கலாமே" என்பார்க்கு யாது விடை? அவர் கூற்றில் நியாயம் உண்டு. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, எழுத்துக்களின் இடம் அறியும் மட்டும், நல்ல இறப்பர்ப் பலகையே அமையும். நாடோறும் அடிக்கும் கைகளுக்கே, அதாவது மேல்வகுப்பு மாணவர், சஞ்சிகை தட்டச்சுவோர், அலுவலகத்தார் ஆகியோர்க்கே, பொறிமுறைப் பலகை வேண்டும் என்கின்றோம். அறை முழுவதும் ஒளிரவேண்டியதில்லை. பத்து மேசைகளில் எழுத்துப் பிழையாது பதிந்தாற் போதும்.

நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே தமிழை ஆங்கில எழுத்தால் எழுதிப் பழகிவருவதை அனைவரும் அறிவோம். அவர்களைக் கடிந்து பயனில்லை. தமிழ் எழுத்தால் எழுதுவது அதனினும் எளிது என்று விரல் உணரும் நாளில் அவர்களாகவே திரும்புவர். 'க' என்னும் விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்திற்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' என வருவதைக் கண்டு வியக்காத பிள்ளையை யாம் இதுவரை கண்டிலோம். அவ்வியப்பைக் கெடாது காப்பதற்கு நல்ல பலகை வேண்டும்.

ஆகவே கடிதம் எழுதிய அன்பருக்கு எமது விடை இது: அனுப்புங்கள், மகனையும் உடன் அழைத்துச் சென்று தேருங்கள், ஆளிகளைப் பற்றி அவன் நம்மினும் அறிவான். ஆனால் விளக்கை அணைத்துவிட்டுத் தேருங்கள். முழு அளவு, கபிலநிற ஆளி, மென்மையான அழுத்தம், தேயாத மூடி, கழற்றி மாற்றும் வசதி, ஒரு பொதி உதிரி ஆளி ஆகிய இவ்வாறும் போதும். அனுப்புமுன் உங்கள் வீட்டுக் கணினியில் அதனைப் பொருத்தித் தமிழில் எமக்கு ஒரு கடிதம் அடித்துப் பாருங்கள். அது உங்கள் கைக்கு இசையுமாயின் எம் மாணவர் கைக்கும் இசையும்.

வரும் வாணி விழாவிலே ஏடுகளோடும் எழுதுகோல்களோடும் அப்பலகைகளையும் கலைமகள் திருமுன் வைத்து வணங்குவோம். அன்னையின் திருவருள் இம்முயற்சியைக் கைகூட்டுவதாக.