பவளத் தொட்டியில் கொலுப்படி வேண்டாமே!

உப்புத் தண்ணீர் மீன் தொட்டி வைத்திருக்கும் நம்ம ஆட்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். இது தொட்டியா, நவராத்திரிக் கொலுவா? பின் கண்ணாடியை ஒட்டி அடியிலிருந்து மேல்வரை படிப்படியாகக் கல். முன்னால் மிச்சமிருக்கும் ஒரு சாண் இடத்தில் மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், பென்ஷன் நாளில் எங்கள் கவுண்டர் முன்னால் நிற்கிற மாதிரி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லைக் குறைவாக வையுங்கள். வைக்கிற கல்லும் கடலிலிருந்து பெயர்த்ததாக இருக்க வேண்டாம்.

இந்தக் கல்சுவர் பழக்கம் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டுப் பழைய புத்தகங்களில் ஒரு கேலனுக்கு ஒன்று முதல் இரண்டு பவுண்டு கல் என்று ஒரு கணக்கு இருந்தது. நம் அளவில் 200 லிட்டர் தொட்டிக்கு 24 கிலோவில் ஆரம்பித்து 48 கிலோ வரை போகும். காரணம் இல்லாமல் இல்லை. கல்தான் அங்கே ஃபில்டர். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைக் கல்லின் மேல்பரப்பில் வாழும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். கல்லின் உள்துளைகளில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், வேறு வகை பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும்.

ஆக, வேலை செய்வது துளைகள். எடை அல்ல. கல்லின் எடையை வைத்து அதன் திறமையைச் சொல்வது, பாலன்ஸ் ஷீட் தாளைத் தராசில் போட்டு லாபத்தைச் சொல்கிற மாதிரி (காமர்ஸ் படித்தவன், வேறு உதாரணம் வரவில்லை). நல்ல நுண்துளைக் கல்லாக இருந்தால் அதே தொட்டிக்கு 15 கிலோ தாராளம். மிச்ச வேலையை ஸ்கிம்மர் பார்த்துக்கொள்ளும்.

சுவராக அடுக்கினால் என்ன ஆகும்? பின்னால் தண்ணீர் ஓடாது. தின்னாத தீனியும் கழிவும் அங்கே போய் உட்கார்ந்து அழுகும். நைட்ரேட், பாஸ்பேட் ஏறும், பாசி படரும். அப்புறம் பாட்டில் பாட்டிலாக மருந்து ஊற்றுவோம். நோய் கல்லுக்குப் பின்னால் இருக்கிறது, மருந்து முன்னால் விழுகிறது.

நான் சொல்வது இரண்டு தீவு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியது நடுவில் வேண்டாம், கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். எல்லாப் பக்கமும் கண்ணாடிக்கும் கல்லுக்கும் 8 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் துடைக்கிற காந்தம் போய்வரும். உயரம் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கோடு நிற்கட்டும். பவளம் வளர்கிற உயிர், அதற்கும் தலைக்கு மேல் இடம் வேண்டாமா? தீவு இரண்டாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சண்டைக்கார மீன் ஒரு தீவைப் பிடித்துக்கொண்டால் மற்றவை அடுத்த தீவில் நிம்மதியாக இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் கல், பிறகுதான் மணல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மணல்மேல் வைத்த கல்லின் அடியில் கோபி மீனும், அதோடு சேர்ந்து வாழும் பிஸ்டல் இறாலும் வளை தோண்டும். ஒருநாள் ராத்திரி எல்லாம் சரிந்து கண்ணாடியில் விழும். தொட்டியின் அடியளவை நியூஸ் பேப்பரில் வரைந்து, தரையில் விரித்து, அதன்மேல் கல்லை அடுக்கி நாலு நாள் பாருங்கள். போகிற வருகிறவர்கள் எல்லாரும் கருத்து சொல்வார்கள், பரவாயில்லை. பிடித்த பிறகு கல்லில் துளை போட்டு அக்ரிலிக் கம்பி செருகி, எபாக்ஸியும் சூப்பர் க்ளூ ஜெல்லும் வைத்து ஒட்டுங்கள். கையால் ஆட்டினால் அசையக் கூடாது. ஒவ்வொரு துண்டும் ஒரு ஆள் தூக்குகிற அளவில் இருப்பது நல்லது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ட்ரான்ஸ்ஃபர் வாங்குகிற ஜாதிக்கு இது ரொம்ப முக்கியம். வாடகை வீட்டுக்காரர்கள் எடையையும் கவனியுங்கள். 200 லிட்டர் உப்புத் தண்ணீரே 205 கிலோ. கல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் நாலு பெரியவர்கள் ஒரே இடத்தில் இரவும் பகலும் நிற்கிற மாதிரி.

இனி நிஜமாகவே எனக்குக் கோபம் வருகிற விஷயம். "ஒரிஜினல் ராமேஸ்வரம் கல் சார்" என்று ரகசியக் குரலில் விற்கிறார்கள். ஊர்ப் பேரைக் கேட்டதும் நமக்கும் மனசு இளகிவிடுகிறது. கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. "செத்த கல்தானே சார்" என்பார்கள். செத்த பவளமும் சட்டத்துக்குப் பவளம்தான். சட்டத்தை விடுங்கள், அந்தச் செத்த கல்லில்தான் கடலில் மிதந்து வரும் பவளக் குஞ்சுகள் வந்து ஒட்டும். உருண்டையாக வளரும் பவளம் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். எங்கள் ஆர்.டி. வட்டி எவ்வளவோ தேவலை.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டபோது கணக்கில் இருந்தவை 21 தீவுகள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்து வருஷம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். தூத்துக்குடிக்குப் பக்கத்து வான் தீவும் அதே வழியில் கரைந்துகொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற 2015-க்குப் பிறகு துளை போட்ட கான்கிரீட் கட்டைகளைக் கடலில் இறக்கினார்கள். மீன் வந்தது, பவளக் குஞ்சும் வந்து ஒட்டியது. கடலிலேயே பவளத்துக்குச் சிமெண்ட் போதும் என்றால் நம் வரவேற்பறையில் போதாதா?

சிமெண்டோடு உடைத்த சிப்பியும் கல்லுப்பும் கலந்து வீட்டிலேயே கல் செய்யலாம். உப்பு கரைந்தால் துளை கிடைக்கும். சுண்ணாம்பின் காரம் போக, தண்ணீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்குக் கடையில் ட்ரை ராக் இருக்கிறது. அதில் வளர்க்க, அந்த அட்டவணையில் வராத மென்பவளங்களே ஏராளம். கல் பவளத்தை இயற்கையாகப் பார்க்க ஆசைப்படுகிற ராஜ்கோட்காரர்கள், கடல் வற்றுகிற நேரம் பார்த்து ஜாம்நகர் பக்கம் நராராவுக்குக் குழந்தைகளோடு போய்வாருங்கள். கட்ச் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, 1982-இல் அறிவித்தது. படகு வேண்டாம், நடந்தே பார்க்கலாம்.

"ட்ரை ராக்கில் உயிரே இல்லை, முதல் சில மாதம் பழுப்பும் பச்சையுமாகப் பாசி பிடித்து அசிங்கமாக இருக்கும்" என்று நண்பர்கள் சொல்வது உண்மைதான். கடல் கல்லோடு குட்டி ஜீவராசிகள் இலவசமாக வரும். கூடவே ஐப்டேசியாவும் மாண்டிஸ் இறாலும் இலவசமாக வரும், அதையும் சொல்ல வேண்டும். உயிர்தான் வேண்டும் என்றால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நண்பர் தொட்டியிலிருந்து கைப்பிடி அளவு சிமெண்ட் கல் ஒன்றை வாங்கிப் போட்டால் போதும், மெதுவாக மற்ற கல்லெல்லாம் பிடித்துக்கொள்ளும். ராஜ்கோட்டில் இருப்பவர்கள் என்னிடமே வாங்கிக்கொள்ளலாம். தயிருக்கு உறை வாங்க வருகிற மாதிரி, பாத்திரத்தோடு வாருங்கள்.