கடைசி அறையும் மலிவான போனும்

கல்லூரிக்கு வைஃபை வரப்போகுது என்றால் முதலில் ஒரு கமிட்டி வருகிறது. மூணு கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்குகிறார்கள். வைஃபை 6, வைஃபை 7 என்று எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. கடைசியில் முதல்வர் அறையில் ஒரு பெட்டி, கருத்தரங்கக் கூடத்தில் ரெண்டு, அலுவலகத்தில் ஒண்ணு. திறப்பு விழா, போட்டோ. ஹாஸ்டல் பசங்க வழக்கம்போல ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இதெல்லாம் எஞ்சினியர் சமாச்சாரம், நமக்கெதுக்கு என்று ஒதுங்கும் தோழர்கள் உண்டு. நாம் ஒதுங்கினால் அந்த நாற்காலி காலியாக இருக்காது.

கம்பியில்லா இணையம் என்கிறார்களே, அதில் காற்றில் போவது கடைசிச் சில மீட்டர்தான். சுவரில் தொங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஒரு கேபிள் வந்தாக வேண்டும். பெட்டிக்கான மின்சாரமும் பெரும்பாலும் அதே கேபிளில்தான் வரும். செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதைத் தாண்டினால் ஃபைபர் போடணும், குழி தோண்டணும், காசு இறக்கணும். எந்தக் கட்டிடம் வரைக்கும் குழி தோண்டினார்கள் என்று பாருங்கள், யாரைக் கணக்கில் எடுத்தார்கள் என்று தெரிந்துவிடும். ஆதிதிராவிடர் நல விடுதிகள் பல ஊர்களில் கல்லூரிக்கு வெளியே, கொஞ்சம் தள்ளித்தான் இருக்கின்றன. 2025 ஜூலையில் அவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். நல்லது. பெயர்ப்பலகைக்குப் பின்னாலேயே கேபிளும் வரட்டும். "அது நம்ம காம்பவுண்டுக்குள்ள வராதே சார்" என்று கமிட்டியில் ஒருத்தர் ஒரே வரியில் கதையை முடிப்பார்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குக் காம்பவுண்டு எது? கடல்தான். கிளைகள் வேறு வேறு தீவுகளில். தொலைபேசிக் கம்பி விலையும் அதிகம், நம்பவும் முடியாது. நார்மன் ஆப்ராம்சனும் அவர் குழுவும் ரேடியோ அலையிலேயே கணினியைத் தொட முடியுமா என்று இறங்கினார்கள். 1971-இல் அலோஹாநெட் ஓடத் தொடங்கியது. ஒரே அலைவரிசையைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் இன்றைய முறைக்கு வேர் அங்கே இருக்கிறது. தள்ளிக் கிடப்பவர்களைச் சேர்க்கப் பிறந்த சங்கதி, இங்கே ரோட்டுக்கு அந்தப் பக்கம் எட்டாதாம்! மாடிக்கு மாடி மறைப்பில்லாமல் தெரிந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் ரெண்டு சின்ன ஆண்டெனா போதும். 2018 அக்டோபரிலிருந்து நம் நாட்டில் அந்த அலைவரிசையை, விதித்த சக்திக்குள், திறந்த வெளியிலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். பாக்கி இருப்பது ரெண்டு துறைகள் எழுதிக்கொள்ள வேண்டிய ஒரு கடிதம்.

அடுத்தது சத்தமில்லாமல் நடக்கிற வேலை. விற்க வருகிறவர் சொல்வார்: "2.4-ஐ அணைச்சிடலாம் சார். ஒரே நெரிசல். 5 போதும்." பாதி உண்மைதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூணே மூணு: 1, 6, 11. 5-இல் நிறைய இருக்கின்றன. ஆனால் 5 சுவர்களை அவ்வளவாகத் தாண்டாது. அதைவிட முக்கியம், விலை குறைந்த போன்கள் பலவற்றால் 2.4-ஐ மட்டும்தான் பிடிக்க முடியும். அண்ணன் வைத்திருந்து கொடுத்த பழைய போனோடு வருகிற முதலாம் ஆண்டு மாணவிக்குக் கல்லூரி வைஃபையின் பெயரே திரையில் தெரியாது. அவளை யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. செட்டிங்கில் ஒரு டிக்கை எடுத்துவிட்டார்கள்.

வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன் என்பதால் எனக்கு இது சுலபமாகப் புரிகிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்கணும். படிவம் நிரப்பத் தெரியாத பாட்டி வந்தால் வரிசை நிற்கும். பழைய போனும் மெதுவாகப் பேசி மற்றவர் நேரத்தை எடுத்துக்கொள்ளும்தான். அதுக்காகப் பாட்டியை வாசலில் நிறுத்துவதா, இன்னொரு கவுண்டரைத் திறப்பதா? 5-ஐப் பிடிக்கிற போன்களை 5-க்குத் தள்ளிவிடும் வசதி இன்றைய பெட்டிகளில் உண்டு. அவை நகர்ந்தாலே 2.4-இல் பழைய போனுக்கு இடம் கிடைக்கும். ஒரே பெரிய பெட்டியை முழுச் சக்தியில் அலறவிடுவதும் வீண். பெட்டி எவ்வளவு கத்தினாலும், போனால் அந்த அளவுக்குத் திரும்பக் கத்த முடியாதே. பல சின்னப் பெட்டிகள், குறைந்த சக்தி. அதுதான் சரி.

"எல்லார்கிட்டயும் சிம் இருக்கே, எதுக்கு வைஃபை?" என்றும் கேட்கிறார்கள். கொரோனாக் காலத்தில் தமிழக அரசு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா அறிவித்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நாலே மாசம். அதுக்கப்புறம் ரீசார்ஜ் அவரவர் வீட்டுக் கூலியிலிருந்துதான்.

பாஸ்வேர்டு விஷயமும் லேசுப்பட்டதில்லை. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் ஒரு வாரத்தில் வெளியே போகும், உடனே மாற்றுவார்கள். மாற்றியது முதலில் யார் காதுக்குப் போகும் என்று நமக்குத் தெரியும். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு கேளுங்கள். அதில் இன்னொரு பக்கமும் உண்டு: யார், எப்போது, எந்தக் கட்டிடத்தில் இணைந்தார் என்ற பதிவு சேரும். கூட்டம் போடுகிற மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பதிவை எத்தனை நாள் வைப்பார்கள், யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கொட்டேஷன் பிரிக்கும் நாளில் விடுதி மாணவர் ஒருத்தரும் மாணவி ஒருத்தரும் கமிட்டியில் உட்காரணும். பெட்டிகளை மாட்டி முடித்ததும் உடனே பில்லைப் பாஸ் பண்ண வேண்டாம். எல்லா அறையும் நிறைந்திருக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கு, விடுதியின் கடைசி அறையில், இருப்பதிலேயே மலிவான போனை எடுத்து ஒரு பாட வீடியோவை ஓட்டிப் பார்க்கட்டும். ஓடினால் கம்பெனிக்குக் கடைசித் தவணை.