உப்பு: குறைந்தாலும் தப்பு

1930 மார்ச் 2-ம் தேதி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் காந்தி உப்பு வரியைக் கண்டித்தார். வரி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் சுமை ஏழைக்கே அதிகம் என்பது அவர் வாதம். காரணம், பணக்காரனைவிட ஏழை அதிக உப்பு சாப்பிட்டே ஆகவேண்டும். பத்து நாள் கழித்து தண்டி யாத்திரை கிளம்பியது. இத்தனைக்கும் காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே, கஸ்தூரிபாவின் உடல்நிலையை முன்னிட்டு, உப்பையும் பருப்பையும் கைவிட்டவர். பல ஆண்டுகள் உப்பில்லாமலே சாப்பிட்டவர். தான் ஒதுக்கிய ஒன்று வெயிலில் உழைப்பவனின் உடம்புக்குத் தேவை என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

இன்று அந்தக் குழப்பம் பலருக்கு இருக்கிறது. 'உப்பைக் குறையுங்கள்' என்பது ரத்த அழுத்தம் பார்க்கும் ஒவ்வொரு டாக்டரும் சொல்லும் வாசகம். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு தேக்கரண்டி. இந்தியர்கள் சராசரியாகச் சாப்பிடுவது 8 முதல் 11 கிராம் வரை என்று பல்வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், ரொட்டி என்று கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போவதும் இதில் அடக்கம்.

சிக்கல், அந்த அறிவுரையை அளவுக்கு மீறிப் பின்பற்றுபவர்களிடம் வருகிறது. குழம்பில் பாதி உப்பு, பிறகு கால் உப்பு, கடைசியில் உப்பே இல்லாத சாப்பாடு. சில வாரங்களில் எழுந்திருக்கும்போதே அலுப்பு, மாடிப்படி ஏறினால் கால் கெஞ்சுகிறது, சட்டென்று எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. உப்பு குறைந்ததுதான் காரணமா? சில பேருக்கு ஆம். பெரும்பாலோருக்கு இல்லை. யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயமே இருக்கிறது.

உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். ரத்தத்தில் நீரைப் பிடித்து வைப்பதும், நரம்புகளில் செய்தி ஓடச் செய்வதும், தசைகளை இயக்குவதும் அதன் வேலை. ஒரு லிட்டர் ரத்த நீரில் 135 முதல் 145 மில்லிமோல் சோடியம் இருப்பது இயல்பு. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். சிறுநீரகங்கள் உப்பை வெளியே விடாமல் கட்டிக் காக்கும். பிரேசில் காடுகளில் வாழும் யானோமாமி பழங்குடியினர் நாளொன்றுக்கு ஒரு கிராம் உப்புகூடச் சாப்பிடுவதில்லை என்பதை 1988-ல் வெளியான 'இன்டர்சால்ட்' ஆய்வு பதிவு செய்தது. வேட்டையாடியும் பயிரிட்டும் வாழ்கிறவர்கள் அவர்கள். எனவே சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ஒருவர், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், 10 கிராமை 5 கிராமாகக் குறைத்ததால் மட்டும் சோர்ந்துபோவதில்லை. கொஞ்ச நாள் சாப்பாடு சப்பென்றிருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இந்தக் காவலையும் மீறி சோடியம் குறைவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு: வியர்வை, மாத்திரை, தண்ணீர்.

முதலில் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் 1 முதல் 4 கிராம் உப்பு போகிறது. லண்டனில் ராபர்ட் மக்கான்ஸ் என்ற டாக்டர் 1930-களில் ஒரு துணிச்சலான சோதனை செய்தார். தன்னையும் சில தன்னார்வலர்களையும் உப்பில்லா உணவில் வைத்து, வெப்பத்தில் வியர்க்கவும் வைத்தார். சில நாட்களிலேயே சாப்பாட்டில் ருசி போயிற்று. தசை பிடித்துக்கொண்டது. எதையும் செய்ய முடியாத அசதி வந்தது. உப்பு சாப்பிட்டதும் சரியாயிற்று. 1936-ல் அவர் வெளியிட்ட முடிவுகள், உப்புக் குறைவுக்கும் சோர்வுக்கும் உள்ள தொடர்புக்கு இன்றும் முக்கியமான சான்று. ஆனால் அவர்கள் உப்பைக் குறைக்க மட்டும் செய்யவில்லை, வியர்த்துக் கொட்டவும் செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மே மாதத்து டெல்லியில் சாரம் கட்டி நிற்கும் கட்டடத் தொழிலாளிக்கும், செங்கல் சூளையில் மண் சுமக்கும் பெண்ணுக்கும் அந்தச் சோதனை தினசரி நடக்கிறது. நாட்டு வழக்கம் இதை எப்போதோ புரிந்துகொண்டிருக்கிறது. பீகாரில் உப்புப் போட்ட சத்து மாவுக் கரைசல், உத்தரப் பிரதேசத்தில் மாங்காய்ப் பன்னா, குஜராத்தில் சாஸ், தமிழகத்தில் நீராகாரமும் நீர்மோரும். எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை உப்பு. இவர்களிடம் போய் உப்பே கூடாது என்பது அறிவுரையே அல்ல.

இரண்டாவது வழி மாத்திரை. மூன்றில் இதுதான் பலர் வீட்டுக்குள்ளேயே இருப்பது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டாபமைடு போன்ற மருந்துகள் உப்பைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. நல்ல மருந்துகள், விலையும் குறைவு. ஆனால் வயதானவர்களில், குறிப்பாக ஒல்லியான மூதாட்டிகளில் சிலருக்கு இவை சோடியத்தை அபாயமான அளவுக்கு இறக்கிவிடுகின்றன. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் இந்த ஆபத்து அதிகம். மாத்திரை ஒரு பக்கம், உப்பில்லாப் பத்தியம் இன்னொரு பக்கம், பசியில்லாமல் அரை வயிறு சாப்பாடு மறுபக்கம் என்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மன அழுத்தத்துக்கும் வலிப்புக்கும் தரப்படும் சில மருந்துகளும் இதே வேலையைச் செய்யும்.

அறிகுறிகள் ஆரவாரமில்லாமல் வருகின்றன. அசதி, குமட்டல், நடையில் தள்ளாட்டம், மறதி. பிறகு பேச்சில் குழப்பம். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். பாட்டி குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகோ, ஆளையே அடையாளம் தெரியாமல் பேசிய பிறகோதான் ரத்தத்தில் சோடியம் பார்க்கப்படுகிறது. 125-க்குக் கீழே போனால் வலிப்பும் மயக்கமும் வரலாம். மருத்துவமனையில்கூட இதை அவசரமாக ஏற்ற முடியாது. ஒரே நாளில் வேகமாக உயர்த்தினால் மூளை நரம்புகள் பாதிக்கப்படும். சில நூறு ரூபாயில் முடியும் ஒரு ரத்தப் பரிசோதனையை முன்பே செய்திருந்தால் மாத்திரையை மாற்றுவதோடு போயிருக்கும்.

மூன்றாவது வழி பலருக்கும் வியப்பளிக்கும். தண்ணீர். 2002-ல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததே முக்கியக் காரணம். குழம்பில் தண்ணீர் கூடினால் உப்பு குறைந்த மாதிரி தெரிவதுபோலத்தான் இதுவும். இதயம், கல்லீரல், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் உடம்பில் நீர் தேங்கி சோடியம் நீர்த்துப்போகும். இவர்களுக்குத் தேவை உப்பு அல்ல, தண்ணீரைக் குறைப்பது. பரிசோதனை அறிக்கையில் சோடியம் குறைவு என்று பார்த்துவிட்டு உப்பை அள்ளிப் போட்டால் கால் வீக்கமும் மூச்சுத்திணறலும்தான் மிஞ்சும்.

இந்த மூன்று வழிகளிலும் சேராதவர்கள் தங்கள் சோர்வுக்கு வேறு காரணம் தேடுவது நல்லது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். நீரிழிவு, தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, தூக்கமின்மை எல்லாம் இதே முகமூடியோடு வருபவை. உப்பின் மேல் அடங்காத ஆசை, எடை குறைவு, தோல் கருத்துப்போவது ஆகியவை சோர்வோடு சேர்ந்து வந்தால் அட்ரீனல் சுரப்பியைப் பார்க்கவேண்டும். இந்தியாவில் காசநோய் அந்தச் சுரப்பியைத் தாக்குவது அபூர்வமல்ல.

அயோடின் வழியாகவும் உப்புக்கும் சோர்வுக்கும் ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. இந்தியாவில் அது பெரும்பாலும் அயோடின் சேர்த்த உப்பின் மூலம்தான் கிடைக்கிறது. உடம்புக்கு நல்லது என்று நிரந்தரமாக இந்துப்புக்கு மாறி, அதையும் குறைத்துக்கொண்டால் தைராய்டு சுரப்பி சுணங்கக்கூடும். அளவைக் குறைத்தாலும் அயோடின் உப்பையே பயன்படுத்துவது பாதுகாப்பு.

எவ்வளவு குறைக்கலாம் என்பதில் விஞ்ஞானிகளிடையே சண்டை ஓயவில்லை. 17 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2014-ல் வெளியான 'ப்யூர்' ஆய்வு, நாளொன்றுக்கு சுமார் 7.5 முதல் 15 கிராம் உப்பு சாப்பிட்டவர்களுக்கே ஆபத்து மிகக் குறைவு என்றது. ஒரே ஒரு வேளை சிறுநீரை வைத்துக் கணக்கிட்டது சரியல்ல, ஏற்கெனவே நோயாளியாக இருப்பவர்கள் குறைவாகச் சாப்பிட்டிருக்கலாம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். ஆனால் 10 கிராமைத் தாண்டும் ரத்த அழுத்தக்காரர் குறைத்தால் நன்மை என்பதில் பெரிய சச்சரவு இல்லை.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. அசதி என்றதும் கடைக்கு ஓடி ஓ.ஆர்.எஸ். என்று எழுதிய இனிப்பு பானத்தை வாங்குகிறார்கள். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் காலரா நோயாளிகளைக் காப்பாற்றிய கரைசல் வயிற்றுப்போக்குக்கானது. அதில் உப்பும் குளுக்கோஸும் கணக்காக இருக்கவேண்டும். சர்க்கரை மிகுந்த பானங்கள் அந்தப் பெயரில் விற்கப்பட்டதால், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அந்த மூன்றெழுத்தைப் பானங்களின் பெயரில் பயன்படுத்தக்கூடாது என்று உத்தரவிட்டது. பொட்டாசியம் கலந்த 'குறைந்த சோடியம்' உப்பும் எல்லோருக்கும் ஏற்றதல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு பொட்டாசியம் ஏறி, தசைத் தளர்ச்சி வரும். இதயத்துக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே உப்பு டப்பாவைத் திறக்கும் முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பது புத்திசாலித்தனம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர் புதிதாகச் சோர்ந்தால், தடுமாறினால், டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "சோடியம் பார்த்தீர்களா?" அதுவரை மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது, உப்பைத் தாமாகக் கூட்டவும் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயில் ஆகிய நாட்களில் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது.